தோணாத் தண்ணீரின் ருசி

கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீரைக் கண்டால் எனக்கு இன்றும் சந்தேகம் வரும். களப்பு, அதாவது கடலோரத்து உப்பு ஏரி, என்றால் கலங்கித்தான் இருக்க வேண்டும். சேறும் பாசியும் இறால் குஞ்சும் மாடு குளித்த அழுக்கும் சேர்ந்து வெறும் தேயிலைச் சாயம் போல ஒரு நிறத்தில் இருக்கும். அதுதான் உயிருள்ள தண்ணீர். இதை எந்தப் பாடப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் உங்களுக்குச் சொல்கிறேன். கேட்டால் கேளுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பாடு.

நீங்கள் கடல் ஆய்வு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள். என்னைப் பேச அழைத்தவர்கள், அனுபவத்திலிருந்து நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்றார்கள். நல்ல வார்த்தை என்னிடம் அதிகம் இல்லை. ஊரில் எனக்கு வைத்த பட்டப்பெயரே வாய்க்காரி. போத்தலை எப்படிக் கழுவுவது, மீட்டரை எப்படிச் சரிபார்ப்பது என்பதையெல்லாம் பொறுமையுள்ள ஆட்கள் யாராவது சொல்லித் தருவார்கள். நான் ஒரு கதைதான் சொல்லப் போகிறேன். கருவி சரியாக நின்று, மனிதர்கள் பிழையாக நின்ற கதை.

சூறாவளி வந்து எங்கள் கரையோரத்துத் தென்னைகளை முறித்துப் போட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் நிந்தவூர்ப் பிள்ளை. பட்டம் முடித்துவிட்டு, கல்முனைப் பக்கம் ஒரு களப்போரத்தில் இருந்த ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். நிலையம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இரண்டு அறை, பின்னால் மீன் வளர்க்க ஒரு சீமெந்துத் தொட்டி, அமிலத்தன்மை பார்க்க ஒரு பி.எச். மீட்டர், அவ்வளவுதான். முக்காட்டை இறுக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நிற்கும் பெண்ணைப் பார்ப்பதற்கென்றே பஸ்ஸை மெதுவாக ஓட்டிய சாரதிகள் இருந்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். தண்ணீருக்கு ஆண் பெண் தெரியாது.

அந்தக் களப்பின் ஒரு தலையில் வயல். மறு தலையில் கடல். கடலுக்கும் களப்புக்கும் இடையில் மணல் திட்டு. மாரியில் தண்ணீர் ஏறினால் ஊர் கூடி அந்தத் திட்டை வெட்டி விடும். அதைத்தான் முகத்துவாரம் வெட்டுவது என்போம். மற்ற மாதங்களில் வாய் மூடியே கிடக்கும். திட்டின் ஓரத்தில் பெரியநீலாவணைச் சாமித்தம்பி அண்ணனின் மீன் வாடி, வலையும் மீனும் வைக்கிற ஓலைக் கொட்டில், இருந்தது. அவரும் அவருடைய சொந்தக்காரர்களும் களப்பில் வலை போட்டுச் சீவிப்பவர்கள். வயல் தலையில் இருந்த காணியெல்லாம் எங்கள் பக்கத்துப் போடியார் ஒருவருக்குச் சொந்தம். போடியார் என்றால் ஏராளம் வயலுள்ள பெரிய மனிதர். என் வாப்பா அவருடைய வயலில் ஒரு துண்டைக் குத்தகைக்குச் செய்துவந்தார்.

அந்த வருட வெயிலில் போடியார் இன்னும் கொஞ்சம் நிலத்தை வயலாக்க ஆசைப்பட்டார். வயல் தண்ணீர் களப்புக்கு வடிகிற ஓடையை நாங்கள் தோணா என்போம். கண்டல் பற்றைக்குள்ளால் போன அந்தத் தோணாவை அவர் ஆள் விட்டு ஆழமாக வெட்டுவித்தார். வெட்டிய கறுத்த சேறு இரண்டு கரையிலும் குவிந்து காய்ந்தது. முதலில் அழுகிய முட்டை நாற்றம். பிறகு நாற்றம் போய், சேற்றின் மேல் வெளிர் மஞ்சள் பூத்தது. ஊர் அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. சேறுதானே.

முதல் மாரி மழை கொட்டிய மறுநாள் காலை, நிலையத்துக்கு மூச்சு வாங்க ஓடி வந்தவர் சாமித்தம்பி அண்ணன்தான்.

"மிஸ், ஒருக்கா வந்து பாருங்க. என்ட வாடிக்கு முன்னால மீனெல்லாம் செத்து ஒதுங்கிக் கிடக்கு."

போனேன். திரளியும் கொடுவாவும் மணல் திட்டோரம் வெள்ளையாகக் கிடந்தன. நண்டுகள் தண்ணீரை விட்டுக் கரையேறி வெயிலில் நின்றன. தண்ணீரோ அடியில் கிடக்கும் சிப்பியை எண்ணலாம் போல அத்தனை தெளிவு. ஒரு இரவில் களப்பு அப்படித் தெளிந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

கொஞ்ச நேரத்தில் ஊரே திரண்டுவிட்டது. களப்பில் நஞ்சு போட்டிருக்கிறார்கள் என்று பேச்சு பரவியது. அன்று கல்முனைச் சந்தையில் மீனைத் தொட ஆளில்லை. கடல் மீனையும் வாங்கவில்லை. மீன்காரர்கள் எல்லாரும் கோபத்தோடு வந்து நின்றார்கள். கண்டல் காட்டில் தில்லை மரம் இருக்கிறது, அதன் பாலை விட்டால் மீன் மயங்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த விசயம். செத்த மீன் கிடந்தது சாமித்தம்பி அண்ணனின் வாடிக்கு முன்னால். இதற்கு மேல் என்ன வேண்டும்.

எங்கள் மேலதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். அவரைப் பெரிய சேர் என்றுதான் சொல்வோம். கெட்ட மனிதர் இல்லை, நன்றாகப் படித்தவர். இறங்கியதும் கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டு, சேர் என்ன, சேர் என்ன என்று நெருக்கியது. அவர் மீனைப் பார்த்தார், வாடியைப் பார்த்தார், தெளிந்த தண்ணீரைப் பார்த்தார்.

"தண்ணீரில் இயற்கையாக ஒரு பிழையும் இல்லை. இது யாரோ செய்த நஞ்சு வேலை" என்றார்.

ஒரு போத்தல் தண்ணீர் அள்ளும் முன்னே வாய் முந்திவிட்டது. பிள்ளைகளே, கூட்டம் உங்கள் முகத்தைப் பார்த்து நிற்கும்போது "எனக்கு இன்னும் தெரியாது" என்று சொல்லப் பழகுங்கள். அதற்குப் பெரிய நெஞ்சு வேண்டும். அதைச் சொல்லாதவன் பிறகு தன் முதல் வார்த்தைக்குக் காவல் நாயாகி விடுகிறான். பெரிய சேருக்கு நடந்தது அதுதான்.

பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்த ஆதம்பாவா மரைக்கார் பக்கத்தில் நின்றார். நேர்மையான மனிதர், ஊரில் அவர் சொன்னால் சொன்னதுதான். அவர் குனிந்து தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, "சேர் சொல்ற சரிதான். மீன் நாறுது, தண்ணி நாறல்ல. கெட்ட நிறமும் இல்ல, கெட்ட மணமும் இல்ல. கை கால் கழுவித் தொழுகைக்கு ஒழுச் செய்யலாம் போல இரிக்கி" என்றார். அத்துடன் ஊருக்குத் தீர்ப்பு எழுதி முடிந்தது.

சாமித்தம்பி அண்ணனின் தோணியைப் பிடித்துச் களப்போரத்தில் இருந்த மீனவர் சங்கத்துக் கட்டிடத்துக்கு முன்னால் நட்டிருந்த ஒரு மரக்கட்டையில் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். பூட்டின் திறப்பைப் பெரிய சேர் தன் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு விசாரணை. அதில் நஞ்சு என்று முடிவானால் சாமித்தம்பிக்கும் அவருடைய ஆட்களுக்கும் இனிமேல் களப்பில் இறங்க அனுமதி இல்லை. அவர்களுக்குக் கடலில் போகிற வள்ளமும் இல்லை, வயலும் இல்லை. களப்பு மட்டும்தான்.

நான் மீட்டரை எடுத்துக்கொண்டு களப்பைச் சுற்றினேன். வாடிப் பக்கம் ஊசி கொஞ்சம் இறங்கியிருந்தது. தோணாவுக்குக் கிட்டப் போகப் போக இன்னும் இறங்கியது. தோணாவுக்குள் வைத்தால் தோடம்பழச் சாறு காட்டுகிற இடத்தில் போய் நின்றது. கண்டல் சேற்றில் கந்தகம் இருக்கும், காற்றுப் பட்டுக் காய்ந்தால் அது அமிலமாகும். கரையில் காய்ந்த சேற்றை மழை கழுவிக் கொண்டுவந்து, தோணா முழுவதையும் அமிலமாக்கி வைத்திருந்தது. அந்தத் தெளிவும் அதனால்தான். அமிலம் அழுக்கையெல்லாம் அடியில் படிய வைத்துவிடும். எல்லாரும் சுத்தம் என்று மெச்சியது அதைத்தான்.

பெரிய சேரிடம் போய்ச் சொன்னேன். போடியார் வீட்டுச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்திருந்தார்.

"மீட்டர் பழுது. களப்பில் இப்படி ஒரு அளவு வராது. வழமையான நிலை என்று எழுதும்" என்றார்.

"புளிச்ச தேசிக்காய்ச் சாறு வெச்சுப் பார்த்தன் சேர், சரியாக் காட்டுது. கிணத்துத் தண்ணிக்கும் சரியாக் காட்டுது. தோணாவில மட்டும் பழுதாகிற மீட்டர் எங்க சேர் விக்கிது?"

அவருக்கு முகம் சிவந்தது. ஆனாலும் ஒரு நல்ல கேள்வி கேட்டார். "சரி, தோணா வயல் பக்கம். மீன் செத்தது கடல் பக்கம், வாடிக்கு முன்னால். தோணா கொன்றதென்றால் மீன் ஏன் தோணாவில் சாகவில்லை?"

தெரியாது சேர் என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்த கோபத்தில் தொட்டியடியில் போய் நின்றேன்.

தொட்டியில் திரளி வளர்த்தோம். மீனுக்குப் புத்தி இல்லை என்று சொல்கிறவர்கள் அந்தத் திரளிகளோடு பழகியதில்லை. தவிடு கொண்டு போகிறவள் நான் என்பதால் என் செருப்புச் சத்தத்துக்கே கூட்டமாக வந்து நிற்கும். பெரிய சேர் வந்து நின்றால் ஒன்றும் எட்டிப் பார்க்காது. அன்று நான் ஒரு வாளி தோணாத் தண்ணீரை ரப்பர் குழாயால் தொட்டியின் ஒரு மூலையில் மெதுவாக விட்டேன். ஒரு மீனும் துள்ளவில்லை, மயங்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக விலகி, எதிர் மூலைக்குப் போய், சுவரில் மூக்கை வைத்து ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. குழாயை எடுத்து மறு மூலையில் வைத்தேன். திரும்பவும் எதிர்ப் பக்கம். உடனே நிறுத்திவிட்டுக் கடல் தண்ணீர் ஊற்றினேன், பாவம்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. களப்பு மீன்களும் அப்படித்தான் ஓடியிருக்கின்றன. தோணாவிலிருந்து அமிலம் இறங்க இறங்க, கடல் தண்ணீர் மணலுக்குள்ளால் கசிகிற பக்கத்துக்குப் போயிருக்கின்றன. புத்தியாகத்தான் ஓடின. ஆனால் முகத்துவாரம் மூடியிருந்தது. அதற்கு மேல் போக வழியில்லாமல் முட்டி நின்று செத்தன. அந்த இடத்தில் ஒரு மனிதனின் வாடி இருந்தது, அவ்வளவுதான் அந்த மனிதன் செய்த குற்றம். ஆகவே யாராவது செத்த மீன் கிடக்கிற இடத்தைக் காட்டி இங்கேதான் என்றால், நீங்கள் அந்த இடத்துக்கு முதுகைக் காட்டி நின்று எதிர்ப் பக்கத்தைப் பாருங்கள்.

பெரிய சேருக்குத் தொட்டியில் செய்தும் காட்டினேன். "மீனுக்குப் புத்தி இருக்கிறது என்று விசாரணையில் சொல்லப் போகிறீரா? உம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள்" என்றார். அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனால் வாப்பா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"மவள், போடியார் ஆள் அனுப்பினார். நாளைக்கு நீ தோணாவப் பத்தி வாயத் திறந்தா, அடுத்த போகம் எனக்கு வயல் இல்லயாம்."

"நீங்க என்ன சொல்லி அனுப்பினீங்க?"

"நான் என்னத்தச் சொல்ற. அவள்ட வாய் என்ட பேச்சக் கேக்கிறல்ல எண்டு சொன்னன்."

உம்மா ஆக்கிய சோற்றை அப்படியே மூடி வைத்தேன். மறுநாள் விசாரணைக்குப் பயமில்லாமல் போனேன் என்று உங்களிடம் பீற்றிக்கொள்ள மாட்டேன். பயந்துகொண்டேதான் போனேன். ஆனால் போனேன்.

சங்கத்துக் கட்டிடம் நிரம்பி வழிந்தது. மேசைக்குப் பின்னால் பெரிய சேர். முன் கதிரையில் போடியார், அவருக்கு மட்டும் தேத்தண்ணி கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் ஆதம்பாவா மரைக்கார். வாப்பா பின்னால் சுவரோரம் நின்றார். சாமித்தம்பி அண்ணன் தன் ஆட்களோடு வாசலில் நிலத்தில் இருந்தார். அவரை முதலில் எழுப்பிக் கேட்டார்கள்.

"நான் போடல்ல ஐயா. எங்கட ஆக்கள் ஒருத்தரும் போடல்ல. ஆனா ஆரோ போட்டுத்தான் இருக்கான்" என்றார். அந்த மனிதரும் நஞ்சென்றுதான் நம்பியிருந்தார். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போடுகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெரிய சேர் என் பக்கம் திரும்பி, "தண்ணீர் வழமையான நிலையில் இருந்தது என்பதை மட்டும் சொல்லிவிட்டு இரும்" என்றார். நான் காலையில் அள்ளிய இரண்டு போத்தலையும் ஒரு கிளாஸையும் மேசையில் வைத்தேன்.

"தண்ணி பழுதாப் போச்சு சேர். வழமையான நிலை எண்டு நான் சொல்ல மாட்டன்."

மரைக்கார் அமைதியாகக் கேட்டார். "அது எப்படிப் புள்ள? நானே பார்த்தேனே. கெட்ட நிறம் இல்ல, கெட்ட மணம் இல்ல."

"மூணாவது, மாமா?"

குர்ஆன் ஓதப் போன எந்தப் பிள்ளைக்கும் தெரியும், ஒழுவுக்குத் தண்ணீரைப் பார்ப்பதென்றால் நிறம், மணம், ருசி மூன்றையும் பார்க்க வேண்டும். ஊர் முழுக்க இரண்டைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லியிருந்தது.

"ருசிய ஆர் பார்த்த?" என்று கேட்டேன்.

"நஞ்சுத் தண்ணிய ஆர் புள்ள வாயில வெக்கிற?"

"நான் வெக்கிறன்."

தோணாத் தண்ணீரைக் கிளாஸில் ஊற்றி ஒரு வாய் எடுத்தேன். பின்னால் வாப்பா "மவள்" என்று கூப்பிட்டது மட்டும் காதில் விழுந்தது. பல் கூசும் வரை வாயில் வைத்திருந்துவிட்டு ஜன்னலால் துப்பினேன்.

"புளிக்கிது" என்றேன். பிறகு கிளாஸை மறுபடி நிரப்பிப் போடியாரிடம் நீட்டினேன். "உங்கட தோணாத் தண்ணிதான் மாமா. நீங்களும் பாருங்க."

"நான் இண்டைக்கு நோம்பு" என்றார் போடியார்.

குடித்து முடித்த தேத்தண்ணிக் கோப்பை அவர் காலடியில் இருந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். வாசல் பக்கம் ஒருவன் சிரிக்கத் தொடங்க, மற்றவர்களாலும் அடக்க முடியவில்லை.

பெரிய சேர் மேசையில் தட்டினார். "நாக்கால் பார்ப்பது விஞ்ஞானம் இல்லை."

"ஓம் சேர். மீட்டரால பார்த்தன், மீட்டர் பழுதெண்டீங்க. மீனால பார்த்தன், மீனுக்குப் புத்தி இல்லெண்டீங்க. மிச்சம் இரிக்கிறது என்ட நாக்குத்தான். அதுவும் பழுதா எண்டு ஊரில கேட்டுப் பாருங்க."

ஆதம்பாவா மரைக்கார் எழுந்து வந்தார். என் கையிலிருந்து கிளாஸை வாங்கி, பிஸ்மி சொல்லி, ஒரு வாய் எடுத்தார். முகம் கோணியது. வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"கொறுக்காப்புளி கரைச்ச மாதிரி இரிக்கி" என்றார். "மத்தப் போத்தலத் தா."

அது வாடிக்கு முன்னால் அள்ளியது. அதையும் பார்த்தார். "இது உப்பு. புளிப்பு லேசாத்தான் இரிக்கி. அப்ப புளி வாறது தோணாவில இரிந்து." கிளாஸ் அவரிடமிருந்து கை மாறியது. மீன்காரர், வயல்காரர், சாமித்தம்பியின் ஆட்கள் என்று ஒவ்வொருவராக வாயில் வைத்து முகம் சுளித்தார்கள். தொட்டி மீன் எதிர் மூலைக்கு ஓடியதை அப்போதுதான் சொன்னேன், களப்பு மீன் ஏன் வாடிக்கு முன்னால் முட்டிச் செத்தது என்று அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை.

மரைக்கார் பெரிய சேரிடம் கையை நீட்டினார். "நாங்க ஒரு மனிசனப் பிழையாப் பிடிச்சிட்டம். திறப்பத் தாங்க சேர், தோணிய அவிழ்ப்பம்."

"அப்படித் தர முடியாது. மேலிடத்திலிருந்து உத்தரவு வர வேண்டும்."

"அது எப்ப வரும்?"

"வரும்போது வரும்."

மரைக்கார் அவரோடு தர்க்கம் பண்ணவில்லை. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனார். கூட்டமும் பின்னால் போனது. போடியாரும் பெரிய சேரும் மட்டும் உள்ளே இருந்தார்கள். சங்கிலியை ஒருவர் இழுத்துப் பார்த்தார், பூட்டை ஒருவர் கல்லால் தட்டிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. அப்போது சுவரோரத்தில் நின்ற என் வாப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், தோணி கட்டியிருந்த மரக்கட்டையைக் கட்டிப் பிடித்து ஆட்டத் தொடங்கினார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. போடியார் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். வாப்பாவுக்கு அது தெரியும். தெரிந்துதான் ஆட்டினார்.

பிறகு எல்லாரும் கை வைத்தார்கள். சற்று முன்பு சாமித்தம்பியைக் களப்பை விட்டு விரட்ட வந்த அதே ஆட்கள். கட்டை அடியோடு பெயர்ந்து வந்தது. பூட்டும் சங்கிலியும் கட்டையுமாகத் தோணிக்குள் தூக்கிப் போட்டு, அப்படியே தண்ணீரில் தள்ளிவிட்டார்கள். சாமித்தம்பி அண்ணன் ஏறித் தடி போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கப் போத்தலைத் துடைத்தேன்.

ஊர் போடியாரைச் சும்மா விடவில்லை. சேற்றையெல்லாம் திரும்பத் தோணாவுக்குள் தள்ள வைத்து, அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்பும் கொட்ட வைத்தது. வாப்பாவின் வயல் சொன்னபடியே போனது. அவர் வேறொருவரின் காணியில், தூரத்தில், மண் கெட்ட ஒரு துண்டில் செய்தார். ஒருநாளும் என்னிடம் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. தண்ணீரை வாயில் வைக்கும் முன் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று மட்டும் சாகும்வரை குறைபட்டார். எனக்கும் இடமாற்றம் வந்தது. தண்டனை என்று எழுதவில்லை, ஆனால் ஊரை விட்டு எவ்வளவு தூரமாக அனுப்ப முடியுமோ அவ்வளவு தூரம். நான் ஒருவரிடமும் போய் நிற்கவில்லை, பெட்டியைக் கட்டினேன். இன்று கேட்டாலும் அந்த ஒரு வாய்த் தண்ணீரை வாயில் வைப்பேன், போடியாரிடமும் நீட்டுவேன். நியாயமாக நடந்தால் நல்லது வரும் என்று நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். வயல் போகும், ஊர் மாற்றுவார்கள். அப்படியென்றாலும் ஊசி நிற்கிற இடத்தைத்தான் சொல்ல வேண்டும். அதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

போகும் முன் ஒருநாள் களப்படிக்குப் போனேன். மாரி முடிந்திருந்தது. தண்ணீர் பழையபடி கலங்கிக் கிடந்தது, பார்க்க மனம் குளிர்ந்தது. நடுக்களப்பில் சாமித்தம்பி அண்ணன் வலை இழுத்துக்கொண்டிருந்தார். தோணி ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தாற்போல் நின்றது. திறப்பு இன்னும் வரவில்லையா என்று கரையில் நின்று கேட்டேன்.

"எங்க மிஸ் வாறது" என்றார். பிறகு தோணிக்கு அந்தப் பக்கம் தண்ணீருக்குள் இறங்கியிருந்த சங்கிலியைப் பிடித்து இழுத்தார். அடியிலிருந்து சேறு வடிய வடிய அந்தக் கட்டை மேலே வந்தது. எனக்குக் காட்டிவிட்டுத் திரும்பவும் அதைத் தண்ணீருக்குள் போட்டார்.

"நல்ல நங்கூரம், மிஸ். கவுண்மெந்துச் சங்கிலிதானே. அறாது."